வண்டி முழுசாக வந்து சேர்ந்ததா?

இந்திய வானிலைத் துறையின் மழைக்கணக்கில் ஒரு நாள் நள்ளிரவில் முடிவதில்லை, காலை 8.30 மணிக்கு முடிகிறது. உலகப் பொது நேரப்படி அப்போது சரியாக 3 மணி. எல்லா நாட்டு வானிலை நிலையங்களும் ஒரே கணத்தில் அளவெடுக்க வேண்டும் என்று வகுத்துக்கொண்ட நேரங்களில் அதுவும் ஒன்று. அந்தக் கணக்குப்படி, 2022 நவம்பர் 12 காலை 8.30-உடன் முடிந்த 24 மணி நேரத்தில் மயிலாடுதுறை மாவட்டம் சீர்காழியில் கொட்டிய மழை 44 சென்டிமீட்டர். சம்பா வயல்களில் வரப்பு எங்கே என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர் நின்றது.

அப்படியொரு இரவில் டெல்டாக்காரர்கள் கைப்பேசியைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். எங்கே எவ்வளவு மழை, மேட்டூரில் எத்தனை அடி, கொள்ளிடத்தில் எத்தனை கன அடி போகிறது என்று. அந்த எண்களில் பலவற்றை ஒவ்வொரு முறையும் யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றுவதில்லை. குறித்த நேரத்துக்குத் தானாக ஓடும் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்டுகள் ஓரிடத்திலிருந்து எடுத்து, கூட்டிக் கழித்து, இன்னோரிடத்தில் வைக்கின்றன. வங்கியில் ராத்திரியில் வட்டி ஏற்றுவதும், மருத்துவமனைப் பதிவேட்டுக்கு நகல் எடுத்து வைப்பதும், உரக்கடையின் அன்றைய கணக்கை மூடுவதும் பெரும்பாலும் இதே வழியில்தான். இந்த ஸ்கிரிப்ட்டுகளுக்கு வரும் கேடு இரண்டு. முந்தைய ஓட்டம் முடியாதபோதே அடுத்தது கிளம்பிவிடுவது ஒன்று. வேலை நடக்காமலே போய், அது நடக்கவில்லை என்பதும் யாருக்கும் தெரியாமலிருப்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து மருந்து போடுகிறார்கள். ஆனால் முதல் கேட்டுக்கு மட்டும் மருந்து போட்டால், அந்த மருந்தே இரண்டாவது கேட்டை வளர்க்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றித்தான்.

முதலில் கிரானைப் பார்ப்போம். யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் நேரம் பார்த்து வேலையைத் தொடங்கிவைக்கும் கருவி அது. 1979-ல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்புக்காக அதை எழுதியவர் பிரையன் கெர்னிகன். 1987-ல் பால் விக்சி விரிவாக எழுதிய வடிவமும் அதன் வழிவந்தவையும் இன்றும் எண்ணற்ற சர்வர்களில் ஓடுகின்றன. நிமிடத்துக்கு ஒருமுறை கண் விழித்து, தன் அட்டவணையைப் பார்த்து, இந்த நிமிடத்துக்கு என்று எழுதியிருக்கும் வேலையைக் கிளப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். போன முறை கிளப்பியது முடிந்ததா என்று அது கேட்பதில்லை. முடிந்தது ஒழுங்காக முடிந்ததா என்றும் கேட்பதில்லை. வேலை ஏதாவது சொல்லிப் புலம்பினால் அதை ஒரு மின்னஞ்சலாக்கி அனுப்பும், அவ்வளவுதான். இது கிரானின் குறையல்ல; அதன் பொறுப்பு நேரத்துக்குத் தொடங்குவது மட்டுமே. மற்றதெல்லாம் எழுதுகிறவர் பொறுப்பு.

ஒரு ஸ்கிரிப்ட்டை மனதில் வைத்துக்கொள்வோம். மாவட்டத்தின் தானியங்கி மழைமானிகளிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புது அளவுகளை எடுத்து, அன்றைய மொத்தத்தோடு கூட்டி, எல்லை தாண்டினால் பதிவு செய்த விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது அதன் வேலை. சாதாரண நாளில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மழை இரவில் கைப்பேசிக் கோபுரங்களுக்கு மின்சாரம் நின்றுபோகிறது, இணைப்பு விட்டுவிட்டு வருகிறது, அனுப்ப வேண்டிய செய்திகளும் பெருகுகின்றன. ஒரு நிமிட வேலை ஏழு நிமிடம் இழுக்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் கிரான் இரண்டாவது ஓட்டத்தைக் கிளப்புகிறது.

இப்போது நடப்பதைப் பாருங்கள். கோப்பில் மொத்தம் 210 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. புதிதாக வந்த 15 மில்லிமீட்டர் இன்னும் கணக்கில் சேரவில்லை. முதல் ஓட்டம் அந்த 15-ஐ எடுத்து வைத்துக்கொண்டு இணைப்புக்காகக் காத்திருக்கிறது. இரண்டாவது ஓட்டமும் அதே 15-ஐப் புதிது என்று எடுக்கிறது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்ட, மொத்தம் 225 ஆக வேண்டிய இடத்தில் 240 ஆகிறது. ஒரே எச்சரிக்கை இரண்டு முறை போகிறது. அதோடு நின்றால் பரவாயில்லை. இரண்டு ஓட்டங்கள் ஒரே மெல்லிய இணைப்பைப் பங்குபோடுவதால் இரண்டுமே இன்னும் தாமதமாகின்றன. அதற்குள் மூன்றாவது, நான்காவது கிளம்புகின்றன. விடியும்போது சர்வரில் முப்பது ஓட்டங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும், ஒன்றுகூட முடிந்திருக்காது.

இதில் என்னை உறுத்துவது இது நடக்கும் நேரம்தான். ஆண்டு முழுவதும் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட், அது எதற்காக எழுதப்பட்டதோ அந்த ஒரே இரவில் சரிகிறது. தற்செயலாக அல்ல. மழைதான் செய்தியின் தேவையைக் கூட்டுகிறது. அதே மழைதான் இணைப்பைக் கெடுத்து ஓட்டத்தை நீட்டுகிறது. வெயில் நாளில் நூறு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு "நன்றாகத்தான் ஓடுகிறது" என்று சொல்வதில் பொருளில்லை.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். மயிலாடுதுறை சந்திப்பு வழியாகப் போகும் விழுப்புரம் – தஞ்சாவூர் மெயின் லைன் இன்றும் ஒற்றைப் பாதைதான். இரட்டைப் பாதை கேட்டு டெல்டா மக்கள் பல காலமாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். ஒரே தண்டவாளத்தில் கும்பகோணம் பக்கத்திலிருந்தும் சீர்காழி பக்கத்திலிருந்தும் வண்டிகள் வர வேண்டும், எதிரெதிரே சந்தித்துவிடவும் கூடாது. ஒரு வேலை முடியும் முன் இன்னொன்று உள்ளே நுழையக் கூடாது என்ற அதே கேள்வியை ரயில்வே 150 ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டது, அதுவும் உயிரைப் பணயம் வைத்து.

1874 செப்டம்பர் 10 இரவு இங்கிலாந்தின் நாரிச் அருகே தார்ப் என்ற இடத்தில் ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. 25 பேர் இறந்தார்கள். அங்கே விதிமுறை இல்லாமலில்லை. தந்தி கொடுத்து அனுமதி வாங்கித்தான் வண்டியை விட வேண்டும். ஆனால் எதிர்ப்பக்கத்து வண்டியை வரச் சொல்லும் தந்தி போய்விட்டது என்று தெரியாமல் இந்தப் பக்கமிருந்தும் வண்டி கிளப்பப்பட்டது. கேட்பதற்கும் அனுப்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது, விபத்து அந்த இடைவெளிக்குள் நுழைந்தது. அதன்பிறகு எட்வர்ட் டயர் என்பவர் 1878-ல் மின்கருவியோடு இணைந்த ஒரு டோக்கன் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி. இரண்டையும் மின்கம்பி இணைக்கிறது. ஒரு பெட்டியிலிருந்து டோக்கனை வெளியே எடுத்த அந்தச் செயலே இரண்டு பெட்டிகளையும் பூட்டிவிடும். அந்த டோக்கன் ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பிப் போகும்வரை இன்னொன்றை யாரும் எடுக்க முடியாது.

மயிலாடுதுறையில் மீட்டர் கேஜ் ஓடிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிரம்பு வளையத்தில் தொங்கும் தோல் பை, அதற்குள் எஃகுப் பந்து. நீல் பந்து டோக்கன் என்ற பெயரில் இந்தியாவில் பரவலாக இருந்த முறை அது. எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே செல்லுபடியாகும் என்று பந்திலேயே பொறித்திருக்கும். டிரைவர் அதைக் கையில் வாங்கி, தன் பாதைக்கு உரியதுதானா என்று தானே படித்துப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். 2010-க்குள் இந்த மெயின் லைன் முழுவதும் அகலப் பாதையாக மாறியது. பந்தும் வளையமும் போய் வேறு கருவிகள் வந்துவிட்டன. கொள்கை மட்டும் மாறவில்லை.

கணினி உலகமும் இதே கொள்கைக்குத்தான் வந்து சேர்ந்தது. டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960-களில், பல நிரல்கள் ஒரே பொருளைக் கையாளும்போது ஒன்று மட்டுமே உள்ளே இருப்பதை உறுதிசெய்யும் வழிகளை வகுத்தார். 1965-ல் அதுபற்றி அவர் எழுதிய ஒரு பக்கக் கட்டுரை இந்தத் துறையின் தொடக்கப் புள்ளி. அதற்கென்று அவர் உருவாக்கிய கருவிக்கு ரயில்வே கைகாட்டியின் பெயரையே வைத்தார்.

ஸ்கிரிப்ட்டுக்குத் திரும்புவோம். எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி: தொடங்கும்போது "ஓடிக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு கோப்பை உருவாக்குவது, முடியும்போது அழிப்பது, கோப்பு இருந்தால் அடுத்த ஓட்டம் திரும்பிப் போய்விடுவது. பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் "கோப்பு இருக்கிறதா?" என்று பார்ப்பது ஒரு செயல், "இல்லை, உருவாக்கு" என்பது இன்னொரு செயல். இரண்டு ஓட்டங்கள் ஒரே நொடியில் பார்த்தால் இரண்டுக்கும் "இல்லை" என்ற பதில் கிடைக்கும், இரண்டும் உள்ளே நுழையும். தார்ப்பில் தந்திக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த அதே இடைவெளி. அடுத்த தொல்லை, மின்சாரம் போனால் வருவது. ஸ்கிரிப்ட் நடுவில் செத்துப்போகும், கோப்பு மட்டும் வட்டில் கிடக்கும். கணினி மறுபடி எழுந்த பிறகு எல்லா ஓட்டங்களும் அந்தக் கோப்பைப் பார்த்து, யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று நம்பித் திரும்பிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் பூட்டை லினக்ஸின் மையக்கருவான கெர்னலிடமே கேட்டு வாங்க வேண்டும் என்கிறேன். 'எஃப்லாக்' என்ற கட்டளை லினக்ஸ் கணினிகளில் ஏற்கெனவே இருக்கிறது. கிரான் வரியில் ஸ்கிரிப்ட்டின் பெயருக்கு முன்னால் சேர்த்துவிட்டால் போதும். பார்ப்பதும் எடுப்பதும் அதில் பிரிக்க முடியாத ஒரே செயல். பூட்டு வைத்திருந்த நிரல் எப்படிச் செத்தாலும், கொல்லப்பட்டாலும், மின்சாரமே போனாலும், பூட்டு அதோடு விடுபட்டுவிடும். கோப்பு வட்டில் கிடந்தாலும் அதில் பூட்டு இருக்காது. கிரானுக்குப் பதில் 'சிஸ்டம்டி' டைமர் பயன்படுத்துகிறவர்களுக்கு இது இயல்பாகவே கிடைக்கிறது. முந்தையது ஓடிக்கொண்டிருந்தால் அது இரண்டாவதைக் கிளப்பாது. ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்களில் ஓடும் வேலை என்றால் மட்டும், ஒரு கணினிக்குள் இருக்கும் பூட்டு இன்னொரு கணினிக்குத் தெரியாது. அப்போது பொதுவான தரவுத்தளத்தில் பூட்டை வைக்க வேண்டும்.

பூட்டுக்கு மேல் இன்னொரு காப்பும் வேண்டும். அதை நான் பூட்டைவிடவும் மதிக்கிறேன்: ஒரே வேலை இரண்டு முறை ஓடினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்படி எழுதுவது. "மொத்தத்தோடு 15-ஐக் கூட்டு" என்று எழுதுவதற்குப் பதிலாக, "சீர்காழி, நவம்பர் 12, அதிகாலை 2.15 மணி, அளவு 15" என்று எழுதி, நிலையமும் நேரமும் சேர்ந்த அந்த வரி அட்டவணையில் ஒருமுறைதான் இருக்கலாம் என்று விதிக்க வேண்டும். மொத்தத்தை அந்த வரிகளிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூட்டிக்கொள்ளலாம். பத்து ஓட்டம் ஓடினாலும் அந்த 15 ஒருமுறைதான் சேரும். குறுஞ்செய்திக்கும் இதே விதி: யாருக்கு, எந்த எச்சரிக்கை என்பதைப் பதிந்துவிட்டு அனுப்பினால் இரண்டாவது முறை போகாது.

இங்கேதான் நான் முதலில் சொன்ன ஆபத்து வருகிறது. பூட்டு போட்டாயிற்று. மழை இரவு. முதல் ஓட்டம் எங்கோ ஒரு மழைமானியின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. அந்தப் பதில் வரவே போவதில்லை. காலவரை எதுவும் சொல்லாததால் அது விடியும்வரை காத்திருக்கும், பூட்டையும் கையில் வைத்துக்கொண்டே. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புது ஓட்டம் வருகிறது, பூட்டைப் பார்க்கிறது, நமக்கு வேலையில்லை என்று ஓசையின்றித் திரும்பிப் போகிறது. நாம் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். இப்போது சர்வரில் நெருக்கடி இல்லை, பிழைச்செய்தி இல்லை, இரட்டைக் கணக்கு இல்லை. எச்சரிக்கையும் இல்லை. பூட்டு இல்லாத நாளில் முப்பது ஓட்டங்கள் சர்வரை முடக்கியிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். பூட்டு வந்த பிறகு கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

ரயில்வேக்கும் இந்த நிலை தெரியும். டோக்கனை டிரைவர் மறந்து அடுத்த நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டாலோ, பை எங்காவது தொலைந்தாலோ, கருவி பூட்டியபடியே நிற்கும், அந்தப் பகுதியில் வண்டி ஓடாது. ஆனால் அதை யாரும் சும்மா விட்டுவிட முடியாது. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் பேசி, பகுதி காலியாக இருக்கிறதென்று உறுதிசெய்து, ஒருமுறை மட்டுமே பயன்படும் பிரைவேட் நம்பரைப் பரிமாறி, அதைப் பதிவேட்டில் எழுதி, டிரைவர் கையில் காகித அனுமதிச் சீட்டு கொடுத்து வண்டியை விட வேண்டும். பூட்டு சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பது பூட்டோடு சேர்த்தே எழுதப்பட்ட விதி. நம் ஸ்கிரிப்ட்டுகளில் அந்த இரண்டாம் பாதி எழுதப்படுவதே இல்லை. குறைந்தபட்சம் 'டைம்அவுட்' என்ற கட்டளையால் ஓட்டத்துக்கு ஒரு காலவரை வையுங்கள்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் வேலை நான்கு நிமிடத்தில் முடியாவிட்டால் நிறுத்தப்படட்டும், நிறுத்தப்பட்டது பதிவாகட்டும். பூட்டைப் பார்த்துத் திரும்பும் ஓட்டமும் திரும்பினேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகட்டும்; தொடர்ந்து மூன்று ஓட்டம் திரும்பினால் மணி அடிக்கட்டும்.

வேலை முடிந்தது என்று எப்போது சொல்வது? இதிலும் ரயில்வேயின் கண்டிப்பு வியக்க வைக்கிறது. வண்டியின் எஞ்சின் நிலையத்துக்குள் வந்துவிட்டதாலேயே பின்னால் உள்ள பாதை காலி என்று ஸ்டேஷன் மாஸ்டர் அறிவிக்க முடியாது. நடுவழியில் ஒரு பெட்டி கழன்று நின்றிருக்கலாம். அதனால் கடைசிப் பெட்டியின் பின்புறம் 'எல்.வி.' என்ற பலகை மாட்டியிருப்பார்கள், இரவில் சிவப்பு விளக்கு. அதைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று பொருள். இப்போது பல இடங்களில் இதையே அச்சு எண்ணும் கருவிகள் செய்கின்றன. உள்ளே போன சக்கர அச்சுகளும் வெளியே வந்தவையும் ஒத்துப்போகாவிட்டால் பாதை காலி என்று அவை ஒப்புக்கொள்ளா.

ஸ்கிரிப்ட் முடியும்போது பூஜ்யம் என்ற எண்ணைத் திருப்பித் தருவது எஞ்சின் வந்து சேர்ந்ததற்குத்தான் அடையாளம். பெட்டிகளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 'கர்ல்' கட்டளையால் ஒரு கோப்பை இறக்கச் சொல்கிறோம். அந்தப் பக்கத்துச் சர்வர் "பக்கம் இல்லை" என்று ஒரு பிழைப்பக்கத்தை அனுப்புகிறது. தனியாகச் சொல்லாவிட்டால் கர்ல் அந்தப் பிழைப்பக்கத்தையே கோப்பாகச் சேமித்து வைத்துவிட்டு, வெற்றி என்று பூஜ்யம் தரும். இரண்டு கட்டளைகளைக் குழாய்க்கோட்டால் இணைத்தால், முதலாவது விழுந்தாலும் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான், கட்டளைகளை ஓட்டும் ஷெல் கணக்கில் எடுக்கும். 'பைப்ஃபெயில்' என்று தலைப்பில் சொன்னால்தான் மாறும். கையால் ஓட்டினால் ஓடும், கிரானில் ஓடாது என்ற பழைய புகாருக்குக் காரணம், கிரான் தரும் சூழலில் நிரல்கள் இருக்கும் பாதைகளின் பட்டியல் மிகச் சிறியது என்பது. சர்வர் உலகப் பொது நேரத்தில் இருந்தால், காலை 8.30 என்று நீங்கள் எழுதியது இங்கே மதியம் 2 மணிக்கு ஓடும்; அதையும் யாரும் சொல்ல மாட்டார்கள். இவ்வளவுக்கும் மேல், கிரான் வரியின் கடைசியில் எல்லா வெளியீட்டையும் 'டெவ் நல்' என்ற குப்பைத்தொட்டிக்குத் திருப்பிவிடும் துண்டை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும் பழக்கம் இருக்கிறது. தொல்லை தரும் அஞ்சல்கள் அதோடு நின்றுவிடும் என்பது உண்மை. உதவி கேட்டு வரும் ஒரே குரலும் அதோடு நின்றுவிடும்.

குரல் எழும்பியும் சேராமல் போன கதை ஒன்று உண்டு. 2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில், களைத்துப்போயிருந்த பொறியாளர் ஒருவர் நகல் சர்வரில் அழிக்க வேண்டிய கோப்புறையை மூல சர்வரில் அழித்துவிட்டார். உடனே உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் மிச்சம். பிரதி இருக்கிறதே என்று போய்ப் பார்த்தார்கள். நாள்தோறும் தானாக ஓடிப் பிரதி எடுக்க வேண்டிய ஸ்கிரிப்ட் எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பு, ஸ்கிரிப்ட் அழைத்த பிரதிக்கருவியோ 9.2 பதிப்பு. ஒவ்வொரு முறையும் அது தோற்றது. தோற்றதைச் சொல்லி மின்னஞ்சலும் ஒவ்வொரு முறையும் கிளம்பியது. ஆனால் அந்த அஞ்சல்கள் 'டிமார்க்' என்ற அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாததால் பெறும் பக்கத்துச் சர்வர் அவற்றை ஏற்கவில்லை. யாருடைய பெட்டியிலும் ஒரு கடிதமும் இல்லாததால், எல்லாம் நலம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். வேறொரு வேலைக்காக அன்று ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை ஒளிக்காமல் முழுக்க எழுதி வெளியிட்ட அந்த நிறுவனத்துக்கு இந்தத் துறை நன்றி சொல்ல வேண்டும்.

தோல்வி வந்தால் சொல் என்ற ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறு இதில் தெளிவாகத் தெரிகிறது. தோற்றுப்போன பொருளே தன் தோல்வியைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மின்சாரம் இல்லாத சர்வர், தனக்கு மின்சாரம் இல்லை என்று எப்படிச் சொல்லும்? 1872-ல் அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் உருவாக்கிய தண்டவாள மின்சுற்று இதைத் தலைகீழாகத் திருப்பியது. பாதை காலியாக இருக்கும்வரை தண்டவாளம் வழியே சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மின்னோட்டம்தான் சிக்னலைப் பச்சையில் பிடித்து வைத்திருக்கிறது. வண்டி வந்தால் அதன் அச்சு சுற்றைக் குறுக்கே இணைத்துவிடும், சிவப்பு. தண்டவாளம் உடைந்தால் சிவப்பு. பேட்டரி தீர்ந்தால் சிவப்பு. கம்பி அறுந்தால் சிவப்பு. என்ன கெட்டது என்று அந்தச் சுற்றுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நலம் என்ற செய்தி நின்றாலே ஆபத்து என்று அது எடுத்துக்கொள்கிறது.

ஸ்கிரிப்ட்டுக்கும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு முறையும் நல்லபடியாக முடிந்த பின், வேறோர் இடத்தில் இருக்கும் ஒரு காவல் நிரலுக்கு "முடித்துவிட்டேன்" என்று ஒரு சிறு செய்தி. ஐந்து நிமிட வேலைக்குப் பதினைந்து நிமிடமாகச் செய்தி வராவிட்டால் காவல் நிரல் பொறுப்பாளரின் கைப்பேசியை அடிக்கும். 'ஹெல்த்செக்ஸ்' போன்ற திறமூல மென்பொருள்கள் இதற்கென்றே கிடைக்கின்றன. காவல் நிரல் அதே சர்வரில் இருக்கக் கூடாது. முடிந்தால் அதே ஊரிலும் வேண்டாம், மயிலாடுதுறைக்கு மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்து படுத்துவிடும். செய்தி அனுப்பும் வரியை எங்கே எழுதுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். ஸ்கிரிப்ட்டுக்குப் பின் அரைப்புள்ளி போட்டு எழுதினால், ஸ்கிரிப்ட் தோற்றாலும் "முடித்துவிட்டேன்" என்று செய்தி போகும். அரைப்புள்ளிக்குப் பதில் இரட்டை ஆம்பர்சண்ட் போட்டால்தான் வெற்றிக்குப் பின் மட்டும் போகும். அதற்கும் முன்னால் எல்.வி. பலகையைப் பார்க்க வேண்டும்: எத்தனை மழைமானிகளிடம் கேட்டோம், எத்தனை பதில் வந்தன, வந்த அளவுகளின் நேரம் இன்றையதா, பிரதிக்கோப்பு நேற்றையதைவிடத் திடீரென்று சிறுத்திருக்கிறதா.

மழைக்கணக்கில் இந்தச் சோதனைக்கு ஒரு தனிக் கூர்மை உண்டு. வராத அளவைப் பூஜ்யம் என்று பதிந்துவிட்டால், மழையே இல்லை என்றாகிவிடுகிறது. கொள்ளிடத்திலும் தரங்கம்பாடியிலும் மழை கொட்டும்போது சீர்காழியில் மட்டும் 0.0 என்று வந்தால், அங்கே வானம் வெறித்திருக்கிறது என்று யாரும் நம்ப மாட்டார்கள். மானியின் புனலில் இலை அடைத்திருக்கும், அல்லது மின்கலம் தீர்ந்திருக்கும். ஆனால் ஸ்கிரிப்ட் நம்பும், சொல்லிக்கொடுக்காவிட்டால். வராததை வரவில்லை என்றே பதிய வேண்டும், அக்கம்பக்கத்து மானியோடு ஒப்பிட வேண்டும், காட்டும் ஒவ்வொரு எண்ணின் அருகிலும் அது எந்த மணி அளவு என்று அச்சிட வேண்டும். நேற்றைய மேட்டூர் நீர்மட்டம் இன்றையது போலத் திரையில் நின்றால், கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஒருவரால் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

தவறிப்போன ஓட்டங்களை என்ன செய்வது என்றும் முன்கூட்டி முடிவெடுத்து வைக்க வேண்டும். 2012 ஜூனில் பிரிட்டனின் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில், இரவு வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளை மேம்படுத்தப்போய் அது சிக்கலானது. ஒரு நாள் வேலை மறுநாள் வேலையின் மேல் ஏறிக்கொண்டே போக, சுமார் 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2014-ல் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 5.6 கோடி பவுண்டு. மழை அளவு போன்ற வேலைக்கு விட்டதையெல்லாம் பிடித்து ஓட்ட வேண்டும். திரையில் இப்போதைய நீர்மட்டத்தைக் காட்டும் வேலைக்குக் கடைசியானது ஒன்றே போதும். இரண்டுக்கும் ஒரே விதி ஒத்துவராது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். உங்கள் அலுவலகத்திலோ கடையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இப்படி ஒரு ஸ்கிரிப்ட் உங்கள் பொறுப்பில் ஓடிக்கொண்டிருந்தால், அதற்கு முன் ஒரு வேலை நாளில், மேலே உள்ளவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, அதை நீங்களே நிறுத்தி வையுங்கள். யாருடைய கைப்பேசி எத்தனை நிமிடத்தில் அடிக்கிறது என்று பாருங்கள். மாலைக்குள் ஒன்றும் அடிக்காவிட்டால், வீட்டுக்குப் போகுமுன் பூட்டையும் காலவரையையும் "முடித்துவிட்டேன்" என்ற அந்தச் செய்தியையும் சேர்த்துவிடுங்கள். மூன்றும் சேர்ந்தே கிரான் அட்டவணையில் ஒரு வரிக்குள் அடங்கும்.